இடம் மாறி நின்ற பாறை

நியூஃபவுண்ட்லாந்தில் எங்கள் கரையில், பேஷன்ஸ் ஹார்பரில், படகு ஆண்களுக்கு, பரண் பெண்களுக்கு. ஆண்கள் பிடித்து வரும் காட் மீனைப் பெண்கள் கீறி, உப்பிட்டு, காய்வதற்காகப் பரணில் விரிப்பார்கள். வெயில் ஏறினால் திருப்புவார்கள், மேகம் கட்டினால் குவித்து மூடுவார்கள். செலினா பார்டி பன்னிரண்டு வயதிலிருந்து நாற்பத்தாறு வயது வரை அதைத்தான் செய்தாள். கடலைப் பார்த்தபடி நின்றாளே தவிர, துறைமுக வாயைத் தாண்டி ஒரு தடவைகூடப் போனதில்லை. ஆனால் அந்த வாய்க்கு வெளியே கிடக்கும் பாறைகளைப் பற்றி அவள் கட்டிய பாட்டைத்தான் ஊரே பாடியது.

கேட்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். அடுப்பங்கரைப் பக்கமே போகாதவன் குழம்புக்குப் பக்குவம் சொன்ன கதைதான். ஆனால் செலினாவுக்குக் கேட்கத் தெரியும். அவள் கணவன் லெவி சாயங்காலம் வந்து, ஈர பூட்ஸைக் கழற்றி அடுப்போரம் சாய்த்து, வெல்லப்பாகு கலந்த டீயை ஒரு வாய் குடித்ததும் அவள் முதலில் கேட்பது மீன் எவ்வளவு என்று அல்ல.

"இன்னைக்கி மால் எப்படி அழுதா?" என்பாள்.

லெவியும் சலிக்காமல் உதட்டைக் குவித்து, தொண்டைக்குள்ளிருந்து நீளமாக ஒரு முனகலை எடுத்துவிடுவான். "அப்ப கெட்டில்?" என்பாள். அவன் கன்னத்தை உப்பவைத்து 'குபு குபு' என்று கொதிக்கவிடுவான். மூடுபனி இறங்கினால் எங்கள் கரையில் கண் எதற்கும் உதவாது, காதுதான் மாலுமி. அலை மோதும்போது ஒவ்வொரு பாறைக்கும் ஒரு குரல் உண்டு. அந்தக் குரல்களையெல்லாம் செலினா தன் அடுப்படியில் உட்கார்ந்தே சேர்த்துவைத்தாள். பகலில் பரணில் நின்று மீனைத் திருப்பும்போது அவள் கை மட்டும்தான் வேலை செய்யும். மனசு பாறை பாறையாகக் கால் வைத்து வெளியே நடந்துகொண்டிருக்கும். "செலினா பரண்லதான் நிக்கிறா, ஆனா ஊர்ல இல்ல" என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். அவளுக்கு அது காதில் விழாது.

எதைப் பற்றியும் பாட்டுக் கட்டுவாள். ஓபேட் மாமாவின் ஆடு பாதிரியாருடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைத் தின்றதற்கு ஒரு பாட்டு, ஜூன் வரை பனிக்கட்டி போகாத வருஷத்துக்கு ஒரு பாட்டு. பாட்டில் பெயர் வந்தவன் முறைப்பான், பெயர் வராதவன் ஒரு மாதம் பேசமாட்டான். எது பரவாயில்லை என்று அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

பாறைப் பாட்டைக் கட்டியது 1923ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில். மீன் பிடிக்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் மூன்று பாறைகள். முதலில் 'பாதிரியார்'. உயரமாக, தலையில் பறவை எச்சம் வெள்ளையாக வழிய நிற்பவர். அடுத்தது 'மால்', ஒரு பெண்ணின் பெயர். அழுகிறவள். மூன்றாவது 'கெட்டில்', அடுப்பில் கொதிக்கிற டீப் பாத்திரம் மாதிரி. கெட்டிலைத் தாண்டிய பிறகுதான் படகைக் கரைப் பக்கம் திருப்ப வேண்டும். மாலிடமே திருப்பினால் 'பல்வரிசை' என்று தண்ணீருக்கடியில் நீளமாக ஒரு திட்டு, படகின் அடிவயிற்றைக் கிழித்துவிடும். கடலில் இருக்கிற வரிசை இதுதான். செலினாவுக்கும் அது தெரியும்.

ஆனால் பாட்டுக் கட்ட உட்கார்ந்தபோது மால் பாறையை அவ்வளவு தொலைவில் தனியாக விட்டுவிட்டு வர அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு பெண் நடுக்கடலில் நின்று அழுகிறாள், படகுகளெல்லாம் அவளைக் கடந்து வீட்டுக்குப் போகின்றன. இது என்ன நியாயம் என்று தோன்றியது. தவிர, மெட்டு கீழே இறங்கி முடிகிற இடத்தில் மாலின் அழுகை அப்படிப் பொருந்தி உட்கார்ந்தது. கெட்டிலைத் தூக்கி முன்னே வைத்தாள், மால் பாறையை இழுத்து வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

பாதிரியார் தாண்டினால் கெட்டில் கொதிக்கும்,
பக்கம் திருப்படா கரையைப் பார்த்து;
மால் அழும் சத்தம் காதில் விழுந்தால்
வாசல் வந்தது, வலையை மடி.

பள்ளிக்கூடக் கொட்டகையில் முதல் தடவை பாடியபோது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆண்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உருகிப்போய்விட்டார்கள் என்று செலினா நினைத்தாள். இரண்டு பாறை இடம் மாறியதை ஒருவரும் கவனிக்கவில்லை என்றும் நினைத்தாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன் பிறகு அந்தப் பாட்டு ஊரின் தரையைப் போலவே ஆகிவிட்டது. தொட்டிலை ஆட்ட அதுதான், மாவு பிசைய அதுதான். குழந்தைகள் கரையில் மூன்று கல்லைப் போட்டுப் பெயர் வைத்துத் தாண்டிக் குதித்தார்கள். சாயங்காலம் வாசலில் நிற்கும் பெண்கள் கடலைப் பார்க்காமலே, "இப்ப பாதிரியாரைத் தாண்டியிருப்பாங்க, இப்ப கெட்டில்" என்று ஒவ்வொரு அடியாக முணுமுணுத்து, தங்கள் ஆண்களைப் பாட்டாலேயே வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். கடலுக்குப் போகாதவர்களுக்கும் ஒரு கடல் கிடைத்தது. அதைத் தந்தது தான் என்பதில் செலினாவுக்குக் கொள்ளைப் பெருமை. அந்தப் பெருமைக்கடியில் சின்னதாக ஒரு முள் இருந்தது. வருஷங்கள் போகப் போக அது உறுத்துவது நின்றுபோயிற்று.

பதினோரு வருஷம் கழித்து அவள் மகள் ட்ரைஃபீனாவைக் கிடியன் கட்டிக்கொண்டான். வளைகுடாவின் உள்கோடியில், மரம் வெட்டும் ஊரில் பிறந்தவன். கோடாரி பிடித்த கை, துடுப்புக்குப் புதுசு. ஓபேட் மாமா அவனைத் தன் இயந்திரப் படகில் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். கடல் வழி எப்படிக் கற்பது என்று அவன் கேட்டபோது துறையில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "உன் மாமியார் பாட்டைப் படி."

அவனும் படித்தான். தினமும் சாயங்காலம் ஊறவைத்த ரொட்டியும் மீனும் சாப்பிட்டுக்கொண்டே செலினாவின் அடுப்படியில் சுருதி சேராத குரலில் பாடினான்.

"அத்தை, கடலுக்குப் போகாம இதை எப்படிக் கட்டுனீங்க? கண்ணை மூடுனா வழி தெரியுது" என்றான் ஒருநாள்.

அந்த நேரத்தில் அவள் சொல்லியிருக்கலாம். 'மாப்ள, அதுல ஒரு இடம் தப்பு' என்று ஐந்து வார்த்தை. சொல்லவில்லை. பாராட்டு வாய்க்குள் கற்கண்டு மாதிரி கரைந்துகொண்டிருந்தது. எப்படியும் ஓபேட் மாமா கூடவே இருக்கிறாரே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இன்னொரு துண்டு மீனை அவன் தட்டில் வைத்தாள்.

ஜூலை மாதம் இரண்டாம் வாரம், உப்புத் தண்ணீர் பட்டு ஓபேட் மாமாவின் இரண்டு மணிக்கட்டிலும் கொப்புளம் கிளம்பியது. துணி சுற்றிக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டார். வியாழக்கிழமை கடல் பெரிய அலையில்லாமல் அடங்கிக் கிடந்ததால் கிடியன் தனியாகப் போனான். பதினொரு மணிக்கு மூடுபனி வந்தது. முதலில் துறைமுக வாய் மறைந்தது, பிறகு பரணின் மறுகோடி, பிறகு செலினா கையில் பிடித்திருந்த மீனின் வால். பிற்பகல் மூன்று மணிக்குள் மற்றப் படகுகளெல்லாம் ஒவ்வொன்றாகத் தடவித் தடவி வந்து சேர்ந்தன. கிடியன் வரவில்லை.

ஊர் முனையில் நின்று ஆண்கள் சத்தத்தை வைத்து அவன் கரையை அறியட்டும் என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை துப்பாக்கி சுட்டார்கள். ட்ரைஃபீனா சங்கை எடுத்து ஊதிக்கொண்டே இருந்தாள், உதடு வெடித்து ரத்தம் வந்தது. யாரோ சங்கை வாங்கப் பார்த்தார்கள். கொடுக்கவில்லை.

செலினா மகளைப் பார்த்தாள். பனிக்குள் எங்கேயோ அவன் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே வருகிறான் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பாதிரியாரைத் தாண்டுவான். அடுத்து வரும் பாறையைக் கெட்டில் என்று எண்ணிக் கரைப் பக்கம் திருப்புவான். அங்கே பல்வரிசை.

"லெவி, இங்க வா" என்றாள். "பாறைப் பாட்டுல ஒரு தப்பு இருக்கு. மாலையும் கெட்டிலையும் நான் இடம் மாத்திப் போட்டுட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன். பையன் அதை நம்பித்தான் வருவான்."

லெவி துப்பாக்கியைக் கீழே இறக்கினான். "அது எனக்குத் தெரியும்" என்றான்.

"தெரியுமா?"

"பதினோரு வருஷமாத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். படகுல நாங்க சரியாத்தான் பாடுவோம். கரையில கால் வெச்சா உன் மாதிரி பாடுவோம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அன்னைக்கிப் பாடி முடிச்சப்ப உன் முகத்தைப் பார்த்தேன், செலினா. அப்புறம் எப்படிச் சொல்றது?"

வேறு நாளாக இருந்தால் இதற்கு அவள் ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாள். ஊரே கூடித் தன்னைக் குழந்தை மாதிரி தாலாட்டியிருக்கிறது! ஆனால் அப்போது அவமானத்தைவிட நிம்மதிதான் பெரிசாக வந்தது. "அப்ப கிடியனுக்கும் தெரியும்ல?" என்றாள்.

லெவி ஓபேட் மாமாவின் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்க பையன்கிட்ட சொன்னீங்கல்ல?"

"நானா?" ஓபேட் மாமா துணி சுற்றிய கையை நெஞ்சில் வைத்தார். "உன் மருமகன்யா. நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன். நான் கூட இருக்கறப்ப நான்தானே படகைத் திருப்புறேன். அவன் அவன்பாட்டுக்குப் பாடிக்கிட்டு வருவான். மாமியார் மேல பாசம்னு விட்டுட்டேன்."

எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவர் மனசு நோகக்கூடாது என்பதற்காக எதையும் மறைப்பார்கள். அந்த நல்ல குணம் ஓர் ஆளைக் கொல்லும் என்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

இரண்டு பேர் ஒரு படகை எடுத்துக்கொண்டு நேராகப் பல்வரிசைப் பக்கம் போனார்கள். லெவி தன் சின்னத் துடுப்புப் படகை அவிழ்த்தான், பாறைகளின் வழியே போய்த் தேடுவதற்கு. செலினா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"ஏம்மா, பொம்பளை ஏறுனா படகுக்கு ஆகாது" என்றார் ஓபேட் மாமா.

"உங்க படகுல இதுவரைக்கும் ஒரு பொம்பளையும் ஏறல. அப்படி என்னத்தை வாரிக் கொட்டிட்டீங்க?" என்றாள் செலினா. "இவருக்கு இடது காது கேட்காது. துடுப்புப் போட்டுக்கிட்டு வலது காதை எத்தனை பக்கம் திருப்புவார்? தள்ளிவிடுங்க."

தள்ளிவிட்டார்கள்.

துறைமுக வாயைத் தாண்டியதும் கரை என்ற ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று. மேலே வெள்ளை, கீழே வெள்ளை, நடுவில் லெவியின் முதுகு. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர் எங்கேயோ வேறு வீட்டில் சொட்டுவதுபோல் கேட்டது. துப்பாக்கிச் சத்தம் பின்னாலிருந்து வந்தது, பிறகு பக்கவாட்டிலிருந்து, பிறகு தலைக்கு மேலிருந்து. செலினாவுக்குப் பயத்தோடு இன்னொன்றும் இருந்தது. சொன்னால் வெட்கம், ஆனால் இருந்தது. முப்பத்து நான்கு வருஷம் மனசால் நடந்த இடத்துக்குள் இப்போது உடம்போடு போய்க்கொண்டிருந்தாள். தூக்கத்தில் பல தடவை வந்த வீட்டுக்குள் விழித்தபடி நுழைவது போல இருந்தது.

"நிறுத்து" என்றாள்.

குபு குபு குபு. இடது பக்கம், கிட்டத்தில். லெவி கன்னத்தை உப்பவைத்துக் காட்டியது அப்படியே. தண்ணீர் ஒரு குழிக்குள் போய் முட்டிக் கொதித்துப் பொங்கியது. கெட்டில். கரையிலிருந்து போகும்போது முதலில் வருவது அதுதான். வீட்டுக்கு வருகிறவனுக்குக் கடைசியில் வருவதும் அதுதான்.

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. எந்தக் காலத்திலோ இந்தப் பாறைக்குப் பெயர் வைத்தவன் குளிரில் விறைத்து, பசியோடு வந்தவனாக இருக்க வேண்டும். கெட்டில் கொதிக்கிற சத்தம் கேட்டால் வீடு வந்துவிட்டது. அவ்வளவுதான் அவன் சொன்னது. பெயர் வைக்கும்போதே அவன் பாட்டைக் கட்டி முடித்துவிட்டான். அவள் வந்து, அதைவிட நன்றாகக் கட்டுகிறேன் என்று அவனுடைய அடுப்பைத் தூக்கி நடுக்கடலில் வைத்திருக்கிறாள். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"போ, போ" என்றாள் லெவியிடம். "இன்னும் வெளிய."

எவ்வளவு நேரம் துடுப்புப் போட்டான் என்று தெரியவில்லை. பனியில் நேரமும் கரைந்துவிடும். பிறகு அவளுக்கு முன்னே, தொலைவில், அந்த நீண்ட முனகல் எழுந்தது. ஏறியது, அடங்கியது, மறுபடியும் ஏறியது. மால்தான். அந்த அழுகையோடு கலந்து இன்னொரு குரலும் வந்தது. கரகரப்பாக, சுருதியே சேராமல்.

"பாதிரியார் தாண்டினால் கெட்டில் கொதிக்கும்..."

லெவிக்குக் கேட்கவில்லை. செலினா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள். வந்தது பாட்டுதான். தவறிப்போன அந்த இடத்தைச் சரிசெய்து, மெட்டு தட்டுக்கெட்டாலும் பரவாயில்லை என்று, உரக்கப் பாடினாள்:

"பாதிரியார் தாண்டினால் மால் அழுவாள்,
திரும்பாதே, திரும்பாதே, நேரே போ..."

பனிக்குள் அந்தக் குரல் நின்றது. ஒரு கணம் மால் மட்டும் அழுதாள். பிறகு கிடியனின் சத்தம், கோபமாக:

"யாரது? தப்பாப் பாடுறீங்க! பாதிரியாருக்கு அப்புறம் கெட்டில்!"

லெவி சிரித்தான். செலினாவால் சிரிக்க முடியவில்லை. விக்கி விக்கி அழுதாள்.

கிடியனின் படகு இயந்திரம் நிறுத்தப்பட்டு, நங்கூரம் போட்டு, மாலிடமிருந்து முப்பது கெஜத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மால் பாறையையும் அப்போதுதான் செலினா பார்த்தாள். ஒரு சாப்பாட்டு மேஜை அகலம். தலையில் பாசி, பாசியின் மேல் ஒரு கடற்காகம். இவளுக்காகவா இத்தனை கண்ணீர் என்றிருந்தது.

"அத்தையா? நீங்களா? கடல்லயா?" கிடியன் எழுந்து நின்றதில் அவன் படகு சாய்ந்தது.

"உட்காருடா! எவ்வளவு நேரமா இங்க நிக்கிறே?"

"மத்தியானத்துலேருந்து. பாதிரியாரைத் தாண்டி வந்தேன். அடுத்து கொதிக்கிற சத்தம் வரணும்ல? அழுகைச் சத்தம் வந்துச்சு. சரி, கெட்டிலை எங்கயோ தவறவிட்டுட்டேன், நான்தான் வழி தப்பிட்டேன்னு நெனச்சேன். இயந்திரத்தை நிறுத்திட்டு நங்கூரத்தைப் போட்டேன். யாருக்காவது கேட்கட்டும்னு பாடிக்கிட்டே இருந்தேன்."

"பாட்டு தப்பா இருக்கும்னு உனக்குத் தோணவே இல்லையா?"

அவன் அவளைக் குழப்பத்தோடு பார்த்தான். "பாட்டு எப்படி அத்தை தப்பா இருக்கும்? பனிதான் தப்பு. இல்லாட்டி நான் தப்பு."

செலினா படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். சொல்லாமலும் விடலாம். லெவி சொல்லமாட்டான், ஊரும் சொல்லாது. இன்னும் பதினோரு வருஷம் ஓட்டலாம்.

"நீ வழி தப்பல, மாப்ள" என்றாள். "நீ நிக்க வேண்டிய இடத்துலதான் நிக்கிறே. அந்த ரெண்டு பாறையையும் நான்தான் மாத்திப் போட்டேன். மெட்டுக்கு நல்லா இருந்துச்சுன்னு போட்டேன். நீ தினம் என் அடுப்படியில உட்கார்ந்து பாடினப்பவும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். உன்னை நான் கொன்னிருப்பேன்."

கிடியன் மால் பக்கம் பார்த்தான், கரை இருக்க வேண்டிய பக்கம் பார்த்தான். அங்கே பனிக்கடியில் பல்வரிசை இருப்பது அவன் மனசில் மெல்ல ஏறியது. முகம் வெளுத்தது.

"ஆனா சத்தம் சரியா இருந்துச்சே" என்றான் கடைசியில். "அழுகையும் கொதியும். அது மட்டும் தப்பா இருந்திருந்தா நான் திருப்பியிருப்பேன்."

அது மன்னிப்பா, கணக்குச் சொன்னானா என்று செலினாவுக்குத் தெரியவில்லை. கயிற்றை வாங்கி லெவி கட்டினான். கிடியன் இயந்திரத்தை முடுக்கி, அவர்களையும் இழுத்துக்கொண்டு, கெட்டில் கொதிக்கிறவரை நேரே போனான். அதன் பிறகுதான் திருப்பினான்.

கரையில் ட்ரைஃபீனா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அம்மாவிடம் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் ஒரு கிண்ணம் காட்டுப்பழ ஜாமைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, "கடல் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

மீன் பருவம் முடிந்து, அக்டோபரில் பள்ளிக்கூடக் கொட்டகையில் விருந்து வைத்தார்கள். பாட்டு நேரம் வந்ததும் வழக்கம்போல எல்லோரும் செலினாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். பாதிரியாரிடம் வந்தாள். அடுத்து மால் பாறையை அது கடலில் நிற்கிற இடத்திலேயே நிறுத்தினாள். மெட்டு அந்த இடத்தில் நொண்டியது. கூடப் பாடிய பெண்கள் பழக்கத்தில் கெட்டில் என்று ஆரம்பித்து, தடுமாறி நின்றார்கள். கொட்டகை முழுக்க ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் ஆண்கள் சேர்ந்துகொண்டார்கள், லெவி, பின்வரிசையில் எல்லோரும், கிடியனும். படகில் எத்தனையோ பனிநாளில் தாழ்ந்த குரலில் பாடிய அதே அடியைக் கரையில், பெண்கள் முன்னால், முதல் தடவையாகப் பாடினார்கள். எங்கள் வழக்கப்படி கடைசி அடியை அவள் பாடாமல், பேசுவது போலச் சொல்லி முடித்தாள்.

கைதட்டல் குறைவாகத்தான் இருந்தது. ஓபேட் மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "என்ன இருந்தாலும் செலினா, பழைய பாட்டுதான் அழகு."

"ஆமா மாமா, அழகுதான்" என்றாள் செலினா. "அந்த அழகுக்குள்ள என் மருமகன் செத்துக் கிடந்திருப்பான்."

ட்ரைஃபீனா நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள், செலினா மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.